கிழக்கு ஜன்னலைக் கேட்டவர்

அன்று காலை நீலக் கோடு மேலே ஏறவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

அப்போது நான் ஆவடியில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். பெரியம்மா மகளுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் உதவிக்குப் போயிருந்தேன். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்க, போனில் நான் செய்த வெப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சென்னீர்குப்பத்தில் எங்கள் ஹவுஸ் ஓனர் வீட்டு மொட்டை மாடியில் ஷீட் கூரை போட்ட இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்றில் நானும் அம்மாவும். மற்றதில் எஸ்தர் அக்கா. இரண்டிலும் நான் சென்சார் வைத்துச் செய்த வெள்ளைப் பெட்டி ஒவ்வொன்று மாட்டியிருக்கும். வீட்டுக்குள் எவ்வளவு வெப்பம், காற்றில் எவ்வளவு ஈரம் என்று அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பும். என் பக்கம் அதை வாங்கி, வெப்பத்தைச் சிவப்புக் கோடாகவும் ஈரத்தை நீலக் கோடாகவும் வரையும்.

அக்கா இஸ்திரி போடுகிறவர். நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீடுகளிலிருந்து அவருக்குத் துணி வரும். காலையில் தண்ணீர் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்ததும் அவர் வீட்டு நீலக் கோடு எழும்பும். திங்கட்கிழமை மூட்டை பெரிது, அன்று கோடும் உயரமாக இருக்கும். அது ஒரு திங்கட்கிழமை. பெட்டி நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, புள்ளிகள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தன. துணிதான் தேய்க்கப்படவில்லை.

அடுப்பை அணைப்பதற்குள் அம்மா போன் செய்தாள். "ஜெனி, உக்காந்துகினு கேளு" என்றாள். விடியும் முன்பே அக்காவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஹவுஸ் ஓனர் செல்லதுரை அங்கிள் தன் கையாலேயே அக்காவைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி, தன் காரிலேயே பூந்தமல்லிக்குக் கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே உயிர் இல்லை.

அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நினைவு ஆராதனையில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். பேசியவர்கள் எல்லோரும் அக்காவைப் பொறுமைசாலி என்றார்கள். தெருமுனையில் கட்டியிருக்கும் பேனரிலும் "பொறுமையின் சிகரமே" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வருத்தத்தில் போட்டதுதான், ஆனால் அது உண்மை இல்லை. எஸ்தர் அக்கா பொறுமையானவர் இல்லை. தினமும் குறை சொன்னார். சத்தமாகச் சொன்னார். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடமே போய்ச் சொன்னார். அதை எடுத்துவிட்டால் அந்தப் பேனரில் இருப்பது வேறு யாரோ.

நான் பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றேன். காரணம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. வீட்டில் இருந்த நாட்களில், கைமாறி வந்த ஒரு லேப்டாப்பில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வெப் பக்கங்கள் செய்யக் கற்றுக்கொண்டேன். பகலில் எங்கள் வீட்டில் எந்த நேரம் உட்கார முடியும், எந்த நேரம் முடியாது என்று பார்ப்பதற்காகத்தான் இந்தப் பக்கத்தை முதலில் செய்தேன். சட்டை பட்டன் கேட்க வந்த அக்கா லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, யாருக்கு ஈசிஜி எடுத்துகினு கீற?"

"வீட்டுக்குக்கா."

"ஊட்டுக்கா? உசுரோட கீதா?"

சொன்னேன். நின்றுகொண்டே கேட்டவர், பட்டனை மறந்து உட்கார்ந்தார். "எனக்கும் ஒண்ணு மாட்டு" என்றார்.

அக்காவுக்கு ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டில் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே நின்றால் ஓனர் வீட்டுப் பின்பக்கம் தெரிகிறது என்று, அக்கா குடிவருவதற்கு முன்பே செங்கல் வைத்து அதைப் பூசிவிட்டார்கள். சாயந்திரம் கடல் பக்கத்திலிருந்து வரும் காற்று அந்தச் சுவரில் மோதி நின்றுவிடும். அக்காவுக்கு வீசிங். வந்த நாளிலிருந்து அந்த ஜன்னலைத் திறந்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஷீட் வீடுன்னா சூடு இருக்கத்தான் செய்யும் சிஸ்டர். எல்லா வீட்டிலயும் அப்படித்தான்" என்பார் அங்கிள். அந்த 'எல்லா வீட்டிலயும்' என்ற சொல்தான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

முதல் தடவை நான் சொதப்பினேன். அக்கா வீட்டில் சும்மா இருந்த ஆணி ஒன்றே ஒன்று. சபை காலண்டருக்குப் பக்கத்தில், இஸ்திரி மேசைக்கு நேர் மேலே. அதில் பெட்டியை மாட்டினேன். ஒரு வாரத்தில் சிவப்புக் கோடு வானத்துக்குப் போனது. அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனார். அங்கிள் எங்களோடு மேலே வந்தார். பெட்டியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, இஸ்திரிப் பெட்டி தலைமேல இதை மாட்டி வச்சிட்டு, என் வீடு சூடுங்கிறியா?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா விடவில்லை. "சரி பிரதர், தப்புதான். மாத்தி மாட்றோம். மாட்டிட்டு மறுபடி உங்ககிட்டதான் வரப்போறோம். அப்பவும் சிரிங்க, பாப்போம்" என்றார்.

அங்கிள் இறங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "கண்ணு இன்னா பின்னாலயா கீது உனுக்கு? மேசை இம்மாம் பெருசு கீது, தெர்ல?" என்று நன்றாகத் திட்டினார். நான் அந்த வாரத்துக் கணக்கையெல்லாம் அழித்துவிடுகிறேன் என்றேன். அழிக்கக் கூடாது என்றார். "இருக்கட்டும். இது இஸ்திரிப் பொட்டி சூடுன்னு பக்கத்துல எழுதி வை. இத்த அழிச்சா, வேற எத்த எத்த அழிச்சாளோன்னு அந்த ஆள் கேப்பாரு." இன்றும் பக்கத்தின் தொடக்கத்தில் அந்த வாரம் அப்படியே இருக்கிறது. கீழே ஒரு வரியும் இருக்கிறது.

பெட்டியை வாசலுக்கு எதிர்ச்சுவரில், மேசையிலிருந்து தள்ளி மாட்டினோம். அக்கா தினமும் மத்தியானம் என் வீட்டுக்கு வந்து கோட்டைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பாராட்டுவார் என்று நினைத்தால் ஏமாற வேண்டியதுதான்.

"இது இன்னாடி, மலை மாதிரி ஏறிகினு போவுது? நேத்துக்கும் இன்னிக்கும் எவ்ளோ வித்தியாசம்?"

"ஒரு டிகிரிக்கா."

"ஒரு டிகிரிக்கு இவ்ளோ ஏத்தமா? பாக்கறவன் நம்பள இன்னா நெனப்பான்? ஒழுங்கா போடு."

கோடு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதைத் திரை முழுக்க இழுத்துக் காட்டும்படி விட்டிருந்தேன். மாற்றினேன். மலை சின்ன மேடாகிவிட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது, அக்காவுக்கு இல்லை. "மேடுன்னா மேடுதான்" என்றார்.

இன்னொரு நாள் கரண்ட் போய் மத்தியானம் முழுக்க வரவில்லை. வந்த பிறகு பார்த்தால், போன இடத்தையும் வந்த இடத்தையும் சேர்த்து என் பக்கம் நேராக ஒரு கோடு போட்டிருந்தது. அக்கா அதன் மேல் விரலை வைத்தார்.

"கரண்டே இல்லியே, அப்ப எவ்ளோ சூடுன்னு உனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுக்கா. அது தானா சேத்துக்கும்."

"தெரியாததுக்குக் கோடு போடாத. காலியா வுடு."

அன்றிலிருந்து என் பக்கத்தில் தெரியாத நேரம் காலியாக இருக்கும். பார்க்க நன்றாக இருக்காது. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

ஈரத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். நாங்கள் எல்லோரும் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தோம். மழைக்காலம் வந்தது, சிவப்புக் கோடு இறங்கியது, அக்காவுக்கு வீசிங் ஏறியது. தேய்த்த துணியே ஈரமாகத் திரும்பி வருகிறது என்று அந்த அடுக்குமாடி வீட்டு அம்மா ஒருத்தர் சண்டைக்கு வந்தார். நீலக் கோடு நாள் முழுக்க இறங்காமல் மேலேயே நின்ற நாட்களை அக்கா எனக்குக் காட்டினார். அந்த நாட்களில்தான் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கியிருக்கிறார். "சூடு இல்லடி. இந்த நீலம்தான் என்னப் புடிக்குது" என்றார். எனக்கு மருத்துவம் தெரியாது. அக்கா சொன்னதைச் சொல்கிறேன், அந்தக் கோடுகளும் இருக்கின்றன. காற்றுப் போக வழியிருந்தால் அந்த ஈரமும் போயிருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அதே ஷீட்தான். ஆனால் ஜன்னல் இருக்கிறது, நீலக் கோடு சாயந்திரத்தில் இறங்குகிறது.

'எல்லா வீட்டிலயும் அப்படித்தான்' என்ற பேச்சுக்கு அக்கா என்ன செய்தார் என்பது தெருவில் பலருக்குத் தெரியாது. ஓனர் வீட்டுக்கே ஒரு பெட்டி செய்யச் சொன்னார். அங்கிளின் மனைவி ஜெயமணி ஆன்ட்டிக்குப் புடவை தேய்த்துக் கொடுக்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். "ஆன்ட்டி, ஒரு வாரம் இத்த உங்க ஹால்ல வச்சிக்கங்க. உங்க ஊட்டையும் எங்க ஊட்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாக்கறதுக்குத்தான்" என்று உள்ளதைச் சொல்லியே கேட்டார். ஆன்ட்டி கொஞ்சம் யோசித்து, சரி என்றார். வாரம் முடிந்ததும் இரண்டு வீட்டுக் கோடுகளையும் ஒன்றாகப் போட்டு ஆன்ட்டியிடம் போனை நீட்டினேன். ஹாலின் கோடு படுத்திருந்தது. அக்கா வீட்டுக் கோடு அதற்கு மேலே தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆன்ட்டி ரொம்ப நேரம் பார்த்தார். "நாங்க தூங்கும்போதுமா இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி மேலே ஏறும்போது நான், "நீங்க பேசினதுனாலதான்க்கா பார்த்தாங்க" என்றேன். "பேசனதுக்கு அவங்க எங்கடி பாத்தாங்க? நீ நீட்டன, பாத்தாங்க" என்றார். பிறகு படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "உனுக்குப் பேச வரலன்னா பேசாத. காட்டு. பேசறதுக்குத்தான் நான் கீறேனே."

என்னைப் பற்றி யார் கேட்டாலும் அப்படித்தான் பதில் சொல்வார். சபையில் ஒரு அம்மா, "பொண்ணு ஏன் படிக்கல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டபோது, நான் வாயைத் திறக்கும் முன்பே, "படிச்சுகினுதான் கீறா. ஸ்கூலுக்குத்தான் போவல" என்றார்.

ஆன்ட்டி சொன்ன பிறகு அங்கிள் மறுக்கவில்லை. தள்ளிப்போட்டார். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார். பிறகு பொங்கல் கழியட்டும் என்றார். அப்போதுதான் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் வந்தன. எங்கள் சபையில் அந்த நாட்களில் சாயந்திரம் ஒவ்வொரு வீட்டிலும் ஜெபக் கூட்டம் நடக்கும். அக்கா வீட்டு முறை வந்தபோது, மொட்டை மாடியில் பாய் விரிப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் வீட்டுக்குள்ளேயே விரித்தார். பாஸ்டர், அங்கிள், ஆன்ட்டி, பெண்கள் சங்கம் எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டாவது பாட்டிலேயே பாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. முடித்துக்கொள்ளலாமா என்பது போல அக்காவைப் பார்த்தார்.

"ஜெபத்தச் சுருக்காதீங்க பாஸ்டர். இந்த ஊட்டுக்கு வருஷத்துல ஒரு நாள்தான் வர்றீங்க. நல்லா நீட்டியே பண்ணுங்க" என்றார் அக்கா.

பாஸ்டர் நீட்டினார். ஆமென் சொன்னதும் அங்கிள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஃபேனைப் போடக் கூடாதா சிஸ்டர்?" என்றார்.

"ஃபேன் ஓடிகினுதான் கீது பிரதர்."

எல்லோரும் தலையை உயர்த்தி மேலே பார்த்தார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் சங்கத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அங்கிளும் சிரித்தார். அன்றைக்கு நீலக் கோடு போன உயரத்துக்கு அதற்கு முன்பும் போனதில்லை, பின்பும் போகவில்லை. அங்கேயே, பாஸ்டர் முன்னிலையில், அங்கிள் வாக்குக் கொடுத்தார். ஜன்னலைத் திறந்து கொடுக்கிறேன். ஆனால் லெந்து நாளில் இடிக்கிற வேலை வேண்டாம், ஈஸ்டர் கழியட்டும்.

ஈஸ்டர் கழிந்தது. கொத்தனார் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். அக்கா குமணன்சாவடியில் வேறு ஒரு கொத்தனாரைப் பிடித்துக்கொண்டு வந்து கீழே நிறுத்தினார். அவரை அங்கிள் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்த மாதத்துத் திங்கட்கிழமைதான் அந்தத் திங்கட்கிழமை.

அந்தச் சுவர்தான் அக்காவைக் கொன்றது என்று நான் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. அக்காவைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அங்கிள் அழுதார் என்று அம்மா சொன்னாள். நான் நம்புகிறேன். தெரியாததற்குக் கோடு போடக் கூடாது. ஆனால் தெரிந்ததை அழிக்கவும் கூடாது. அவர் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார், அது திறக்கப்படவில்லை. இது தெரியும். 'பொறுமையின் சிகரம்' என்று எழுதினால் அவர் கேட்கவே இல்லை என்று ஆகிவிடும். அதற்குத்தான் நான் சம்மதிக்க மாட்டேன்.

அடக்கம் முடிந்த வாரத்தில் அக்காவின் அண்ணன் வந்து சாமான்களை எடுத்துப் போனார். இஸ்திரி மேசை படியில் திரும்பவில்லை என்று காலைக் கழற்றி எடுத்துப் போனார். கீழே கேட்டில் 'டு லெட்' போர்டு மாட்டியாயிற்று. மறுநாள் அங்கிள் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா ஜெனி, அந்த வீட்டுப் பெட்டியைக் கழட்டிக்கோ. பேஜையும் எடுத்துடு. யாராவது பாத்தா வீடு போகாது."

அம்மா, "சொல்றேங்க" என்றாள். அவர் இறங்கிப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எடுத்துருடி. அவரு நம்மளயும் காலி பண்ணச் சொல்லிட்டாருன்னா எங்க போவோம்? வேலைக்குப் போற அம்பத்தூர் பஸ்ஸுக்கு இங்கேர்ந்துதான் எனக்குத் தோது. எஸ்தரு போய்ட்டா. இனிமே யாருக்கு அது?" என்றாள்.

அம்மா சொன்னதில் பயம்தான் இருந்தது, தப்பு இல்லை. நான் யோசித்தேன். ஒரே ஒரு வரியை அழித்தால் போதும், பக்கம் போய்விடும்.

அழிக்கவில்லை. பெட்டியையும் கழற்றவில்லை. துணி இல்லாத, ஆள் இல்லாத அந்த வீட்டிலிருந்து புள்ளிகள் இப்போதும் வந்துகொண்டிருக்கின்றன. காலையில் நீலம் எழும்பாது. மற்றபடி வெயில் வந்தால் சிவப்பு ஏறுகிறது, ராத்திரியிலும் சரியாக இறங்குவதில்லை. அக்கா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வீடு அப்படித்தான் இருக்கிறது.

அக்காவிடமிருந்து எனக்கென்று ஒரு பொருளும் எடுத்துக்கொள்ளவில்லை. காலண்டர்கூட அண்ணனோடு போய்விட்டது. எனக்கு மிச்சம் அவருடைய திட்டும், அந்தக் காலி இடங்களும், 'பேசாத, காட்டு' என்று படியில் நின்று சொன்னதும்தான். பேசுவதற்கு அவர் இருப்பார் என்பது மட்டும் இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது, வீடு பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். ஊருக்குப் புதியவர்கள். அந்தப் பெண்ணின் தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அங்கிள் பூட்டைத் திறந்துவிட்டார். கணவன் குழாயைத் திருகிப் பார்த்தார். அந்தப் பெண் வீட்டின் நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கிழக்குச் சுவரில் ஜன்னல் அளவுக்குப் பூசியிருந்த இடத்தைக் கையால் தொட்டார்.

"காத்து வருமா சார்?"

"மாடியாச்சேம்மா. பிரமாதமா வரும்" என்றார் அங்கிள்.

அந்தப் பெண் வெளியே வந்தார். வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "நீங்க பக்கத்து வீடுதானே? மத்தியானத்துல எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார்.

அங்கிள் என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து அம்மா என்னைப் பார்த்தாள்.

போனில் பக்கத்தைத் திறந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.